தேசிக்காய்த் தோலும் வீட்டுக் கேக்கும்

சென்ற மாதம் எமது மகள் முதன்முறையாகத் தனியே நின்று ஒரு கேக் செய்தாள். பட்டரும் சீனியும் முட்டையும் அளவாகவே சேர்த்தாள். கேக்கும் பொன்னிறமாக எழும்பி வந்தது. ஆயினும் முதல் துண்டை வாயிலிட்டதும் அடிநாக்கில் ஒரு கசப்பு. வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோமேயன்றி வாய் திறந்தோமில்லை. அவளே உண்டு பார்த்துத் தட்டை அப்பால் தள்ளினாள்.

விசாரித்தபோது விடயம் விளங்கிற்று. செய்முறையில் இரண்டு தேசிக்காயின் தோலைத் துருவிச் சேர்க்க வேண்டும் என்றிருந்ததாம். அவளும் துருவியில் வைத்து, உள்ளே சுளை தெரியும்வரை தேய்த்திருக்கிறாள். குற்றம் பிள்ளையினுடையதன்று, சொல்லிக்கொடாத எம்முடையதே.

தேசிக்காயானாலும் தோடம்பழமானாலும், தோல் என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டாகும். மேலே பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றும் மெல்லிய படையில் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் நிறைந்துள்ளன. அதன் கீழே பஞ்சுபோன்ற வெள்ளைப் படை. மணமெல்லாம் மேற்படையில்; வெள்ளையில் மணம் இல்லை, கசப்பே உண்டு. அந்த எண்ணெயில் மிகுந்திருப்பது லிமோனீன் என்னும் பொருள். தேசிக்காய்க்கு உரிய கூரிய வாசனையைத் தருவதில் சிட்ரால் என்பதற்கும் பெரும் பங்குண்டு.

இதனை நாம் இரசாயன வகுப்பிற் கற்குமுன்பே விளக்கடியிற் கற்றோம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. சிறுவர்களாகிய நாம் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலம் அது. படிப்பில் மனஞ் செல்லாதபோது, தேசிக்காய்த் தோலை மடித்துச் சுடரருகே நசுக்குவோம். உடனே சின்னஞ்சிறு பொறிகள் சடசடவெனப் பறக்கும். தோலிலிருந்து சீறிய எண்ணெயே அவ்வாறு எரிந்தது. (கண்ணிற் பட்டால் என்னவாகும் என்பதையும் ஒருநாள் அறிந்துகொண்டோம்.)

எமது அயலில் ஒரு கிறிஸ்தவ ஆசிரியை இருந்தார். நத்தாருக்கு அவர் வீட்டிலிருந்து கேக் வரும். தைப்பொங்கலன்று எமது வீட்டிலிருந்து பொங்கல் போகும். தடைக்காலத்து நத்தார் ஒன்றில் ஊர்க்கடையில் வனிலா எசென்ஸ் கிடைக்கவில்லை. கேக் இல்லாமற் போய்விடுமோ என்று நாம் கவலையுற்றிருந்தோம். அம்மையாரோ எமது வேலியோரத்து மரத்தில் நான்கு தேசிக்காய் கேட்டார். பறித்துக் கொடுத்தபின் துருவும் பணியும் எம்மிடமே வந்தது. “தம்பி, பச்சையோடை நிப்பாட்டு, வெள்ளையைத் தொடாதை” என்று இருமுறை சொன்னார். மணல் பரப்பிய பெரிய சட்டியினுள்ளே கேக் தட்டை வைத்து, மூடியின் மேலும் தணல் இட்டு அவர் வேகவைத்த அந்தக் கேக் எமக்கு வந்தபோது ஆளுக்கொரு சிறு துண்டுதான். வனிலாவை ஒருவரும் நினைக்கவில்லை.

அவர் சொன்ன முறையை மகளுக்கு இப்போது சொன்னோம். காயைக் கழுவித் துடைத்து ஈரமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும். கடைத் தோடம்பழங்களுக்கு மெழுகு பூசியிருப்பதுண்டாதலால் அவற்றை இளஞ்சூட்டு நீரில் நன்கு தேய்த்துக் கழுவுதல் நலம். வெட்டிப் பிழியுமுன்பே துருவுக. பிழிந்த தோல் துவண்டு கைக்கு அடங்காது. துருவியின் நுண்பற்களில் ஓரிடத்தை ஒருமுறை தேய்த்ததும் காயைத் திருப்பிவிட வேண்டும். துருவலைச் சீனியோடு சேர்த்து விரல் நுனிகளாற் பிசைந்தால் சீனி ஈரமாகி மணக்கும். அதன்பின் பட்டரைச் சேர்த்து அடிக்கலாம். இவ்வெண்ணெய் நீரில் எளிதிற் கரைவதில்லை, கொழுப்பிற் கரையும். ஆகவே பட்டரோடு சேரும்போது மணம் கேக் முழுவதும் பரவும். தேசிப்புளியை ஊற்றினாற் போதாதோ என்பார் உளர். புளி சுவையைத் தரும். இந்த மணத்தைத் தராது. ரவை, கஜு, தேன், பன்னீர், ஏலம் எல்லாம் சேரும் நமது நாட்டு லவ் கேக்கிலும் பலர் இத்துருவலைச் சேர்ப்பது இதற்காகவே.

துருவியைப் பற்றியும் ஒரு செய்தி. 1994இல் கனடாவின் ஒட்டாவா நகரில் லொரெயின் லீ என்னும் பெண்மணி ஆர்மீனியத் தோடம்பழக் கேக் செய்ய முற்பட்டார். பழைய துருவி சரிவரவில்லை. அவருடைய கணவர் தச்சுக் கருவிகள் விற்பவர். கடையிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த புதுவகை மர அராவியில் அம்மையார் பழத்தைத் தேய்த்துப் பார்த்தார். மெல்லிய துருவல் பூப்போல உதிர்ந்தது. மரவேலைக்கென அமெரிக்காவிற் செய்யப்பட்ட அக்கருவியே இன்று மைக்ரோபிளேன் என்னும் பெயரில் உலகெங்கும் அடுக்களைகளில் உள்ளது. நம்மிடம் அஃது இல்லையெனினும் குறைவில்லை. அயலகத்து அம்மையாரிடம் இருந்தது பல் மழுங்கிய தகரத் துருவிதான்.

மகளின் இரண்டாவது கேக் சென்ற ஞாயிறன்று வெந்தது. இம்முறை துருவிய காய்கள் வெள்ளை வெளேரென மேசைமேற் கிடந்தன. அவற்றை எறிந்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றோம். மேற்றோல் போன காய் விரைவில் வறண்டு இறுகிவிடும். ஆதலால் அன்றிரவுச் சொதிக்கே அவற்றைப் பிழிந்துகொண்டோம்.