வருடத்தைப் பார்த்து வண்டி வாங்கலாமா?



நம் கடைக் கல்லாக்களில் அடுத்த தலைமுறை உட்காரத் தொடங்கிவிட்டது. அப்பா சைக்கிளில் பாக்கி வசூலுக்குப் போனார். பிள்ளை வேகமாக ஓடும் கார் கேட்கிறான். புதிது கட்டுப்படியாகாது என்பதால், செகண்ட் ஹேண்டில் போலோ ஜி.டி., ஆக்டேவியா ஆர்.எஸ். என்று பெயர் சொல்கிறான். உழைக்கிற பிள்ளைக்கு ஓர் ஆசை இருப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வண்டியை வாங்கப் போகும்போது அண்ணாச்சிமார் பலர் தங்கள் வியாபார புத்தியைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு மூடை சரக்கு வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? புதுசா பழசா என்று கேட்டு, கையில் அள்ளிப் பார்க்கிறோம். அரிசி பழசானால் விலை ஏறும். புளி பழசானால் கறுத்து விலை இறங்கும். ஒவ்வொரு சரக்குக்கும் வயது ஒவ்வொரு விதமாகக் கணக்காகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கார் தரகர் "இது 2020 மாடல், ஐம்பதாயிரம் கூட" என்றால் மட்டும் உடனே தலையாட்டிவிடுகிறோம்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1197 சி.சி. டர்போ பெட்ரோல் என்ஜின், 105 குதிரைத்திறன், டி.எஸ்.ஜி. எனப்படும் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்ததும், அந்த என்ஜினும் பெட்டியும் கழிந்து போயின. பதிலாக 999 சி.சி. என்ஜின், 110 குதிரைத்திறன், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் பெட்டி வந்தது. 2022-இல் இந்தப் போலோவின் உற்பத்தியே இங்கு நின்றுவிட்டது.

ஆகவே 2020 தொடக்கத்தில் பதிவான வண்டி, 2019-இல் செய்து தேங்கிக் கிடந்த பழைய இருப்பாகவும் இருக்கலாம். பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, ஆர்.சி.யில் பதிவு வருடமும் ஒன்று. உள்ளே இருப்பதோ வேறு சரக்கு.

எது மேல்? கியர் மாறும் வேகத்தில் பழைய பெட்டி கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் அதன் இரண்டு கிளட்ச்சுகளும் எண்ணெயில் நனையாமல் உலர்ந்தே வேலை செய்பவை. வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறித் தேய்மானம் கூடும். டி.எஸ்.ஜி. பெட்டிக் கோளாறுக்காக 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை அக்கம்பெனி திரும்ப அழைத்தது. சாரல் சீசனில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்து கிலோமீட்டரையும், புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் ஏறுவதையும் நினைத்துப் பாருங்கள். நம் ஊர் ஓட்டத்துக்கு 999 சி.சி. வண்டியே ஏற்றது என்பது என் முடிவு.

ஆக்டேவியாவில் கணக்கு வேறு. 2017-இல் வந்த ஆர்.எஸ். 230 குதிரைத்திறன், 2020-இல் வந்தது 245. பிந்தியது இந்தியாவுக்கு 200 கார்கள்தான் ஒதுக்கப்பட்டன என்பதால் விற்பவர் அதற்கும் சேர்த்து விலை சொல்வார். அந்தப் பதினைந்து குதிரைகளைத் திருநெல்வேலி ரோட்டில் எங்கே ஓட்டப் போகிறோம்? இங்கே பழைய வருடம் வாங்குகிறவனே கெட்டிக்காரன்.

இன்னும் சில வருடங்களையும் மனதில் வையுங்கள். 2019 ஜூலை 1 முதல்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் வரவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. இன்று பங்க்கில் கிடைப்பது அந்தப் பெட்ரோல்தான். அதற்கு முந்திய வண்டியானால் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி குறைந்த அன்றே நம் இருப்புச் சரக்கின் விலையை நாம் குறைத்தோம். பழைய கார் விற்பவர் மட்டும் பழைய விலையையே சொல்லலாமா? அதே தரத்துப் புதுக் கார் இன்று என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சோதிக்கும் முறை கடினமல்ல. ஆர்.சி.யில் பதிவுத் தேதியோடு உற்பத்தி மாதத்தையும் சி.சி. அளவையும் பாருங்கள். 1197-ஆ 999-ஆ என்பதிலேயே போலோவின் குட்டு வெளிப்பட்டுவிடும். டயரில் உள்ள நான்கு எண்களில் 3219 என்றிருந்தால், அது 2019-இன் 32-ஆம் வாரம் செய்தது. பதினைந்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் நான்கு டயரும் மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

ஆரியங்காவு தாண்டி வரும் கேரள வண்டிகள் நம் பக்கம் நிறைய விலைக்கு வருகின்றன. தடையில்லாச் சான்றும், நம் மாநிலத்தில் கட்டவேண்டிய வரியும் கணக்கில் சேரட்டும். 2018 ஆகஸ்டில் அங்கே பெருவெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் நம் தென் மாவட்டங்களிலும் வந்தது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னிக் குழியில் கை விட்டுப் பாருங்கள். நீரில் நின்ற வண்டியில் அங்கே சேறு தங்கியிருக்கும். அப்படி ஒரு வண்டி எந்த வருடத்து மாடலானாலும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்தப் பணம் நம்மில் பலருக்கு ஒரு சீசன் கொள்முதல். கடையின் சுற்று முதலில் கை வைத்து வாங்கினால், காருக்கு ஒரு பெரிய பழுது வரும் மாதத்தில் மண்டிக்குக் கொடுக்கவேண்டியது தவறும். வாக்குத் தவறினால் அடுத்த லோடு கடனுக்கு வராது. லாபத்தில் ஒதுக்கிய பணத்தில் வாங்குங்கள். நல்ல மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் கூடவே அழைத்துப் போங்கள். பிள்ளையும் உடன் வந்து கேள்வி கேட்கட்டும். அதே பழக்கம் நாளை சரக்குக் கொள்முதலிலும் அவனுக்குக் கைகொடுக்கும்.