அந்த ஏட்டில் நம் பாட்டன்மார் எங்கே?

செங்காங்கிலிருந்து ரயிலேறி தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறோம். அங்கே நாம் நடக்கும் சிராங்கூன் சாலையில் 1858-இல் அரசாங்கம் ஒரு செங்கல் சூளையைத் தொடங்கியது. அதில் வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். தமிழர்களும் அவர்களில் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவையே. 1825 முதல் 1873 வரை இந்த ஊரைக் கட்டிய கைகள் அவை. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

படித்தவர்கள் எழுதாமலா இருந்தார்கள்? எழுதினார்கள். 1877-இல் சிங்கப்பூரில் ஒரு கழகம் தோன்றியது. மறு ஆண்டே ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளையாகி, 1878 ஜூலையில் தன் ஆய்விதழை வெளியிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார அதிகாரிகளும் பாதிரிமாரும். மலாய் ஏடுகள், பழக்கவழக்கங்கள், செடிகொடிகள், பறவைகள் என்று நிறைய எழுதினார்கள். கல் சுமந்தவன் கையில் மட்டும் பேனா இல்லை.

அந்த இதழ் அப்படியே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிளையின் பெயர் 1923-இல் மலாயாக் கிளை என்றும், 1964-இல் மலேசியக் கிளை என்றும் மாறியது. உள்ளடக்கமும் மாறியது. 1955-இல் முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு ஏ.எச்.ஹில்லின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இவ்விதழில் வந்தது. தமிழ் வழியும் கொண்ட குடும்பத்தில் பிறந்து, தமிழும் கற்றவர் அப்துல்லா. 1970-இல் நீரிணைக் குடியேற்றங்களின் கைதிகளைப் பற்றி சி.எம்.டர்ன்புல் எழுதிய நீண்ட கட்டுரை வெளியானது. ஆக, கேள்வி கேட்பவர் மாறினால் வரலாறும் மாறும்!

ஆனால் இரண்டு குறைகள் இன்னும் தீரவில்லை. ஒன்று, கைதிகள் தாங்களே எழுதி வைத்தது மிகக் குறைவு. சிறை அதிகாரிகளின் பதிவுகளை வைத்தே அவர்கள் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு, அந்தக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பகலெல்லாம் உழைத்து வீடு திரும்பும் அப்பாவும் அம்மாவும் அவற்றைப் படித்துப் பிள்ளைக்குச் சொல்ல முடியுமா?

நம் கோரிக்கை எளியது. நம் உழைப்பைப் பற்றிய ஆய்வுகள் எளிய தமிழில் வரவேண்டும். காம்பஸ் ஒன்னில் இருக்கும் நம் செங்காங் நூலகத்திலும் அவை கிடைக்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவரும் அரசு அமைப்பு இங்கே உண்டு. தமிழிலேயே பேசியவர்களின் குரல்களும் அதில் உள்ளன. துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்த நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சை நாமும் கைப்பேசியில் பதிந்து வைப்போம்.

முடியுமா என்று தயங்க வேண்டாம். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க, கோ.சாரங்கபாணியின் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குச் சாதாரண மக்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தானே நாம்?