துலக்கினால் அழியும் வாள்கள்

ஆயுத பூசை நாளில் திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பொறிகள் ஓய்வு கொள்கின்றன. கடைசல் எந்திரத்துக்கும் அழுத்தப் பொறிக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. ஆலை வாயிலில் பூசணிக்காய் உடைபடுகிறது. படைக்கலத்தை வணங்கிய மரபு தொழிற்கருவியை வணங்கும் மரபாக விரிந்திருப்பது நமக்குப் பெருமையே. ஆனால் அதே நாளில், பழைய பாளையக்காரர் வழிவந்த குடும்பங்களிலும் குலதெய்வக் கோயில்களிலும் பரணிலிருந்து இறக்கப்படும் வாள்களுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கவலையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். புளியும் செங்கற்பொடியும் கொண்டு அவற்றைத் தேய்க்கிறோம். இப்போது உப்புத்தாளும் வந்துவிட்டது. வாளின் நுனியில் எலுமிச்சங்கனியைக் குத்தி வைக்கிறோம்; அதன் புளிப்புச் சாறு இரவெல்லாம் எஃகை அரிக்கிறது. ஒளிர்ந்தால்தான் தெய்வத்துக்கு உகந்தது என்ற நல்லெண்ணம் தவிர இதில் வேறு நோக்கமில்லை. எனினும் அந்த நல்லெண்ணத்தாலேயே தமிழர் உலோகக் கலையின் சான்றுகள் ஆண்டுதோறும் மயிரிழை மயிரிழையாக மறைந்துகொண்டிருக்கின்றன.

பழைய வாளின் மேனியில் உள்ள சான்றுகள் மிக மெல்லியவை. மூசையில் உருக்கிய எஃகால் அடித்த வாளின் முகத்தில் நீரலை போன்றதொரு கோலம் ஓடும். எஃகினுள் கரிமம் செறிந்த பகுதியும் குறைந்த பகுதியும் மாறி மாறி அமைவதால் தோன்றுவது அது. மேற்பரப்பைப் பக்குவமாக வெளிக்கொணர்ந்தால்தான் கண்ணுக்குப் புலப்படும். முரட்டுத்தனமாகத் தேய்த்த வாளில் அதைக் காண முடியாது. பிடியில் பதித்த பொன், வெள்ளி வேலைப்பாடு செங்கற்பொடிக்கு முதலில் இரையாகிறது. எந்த அரண்மனைக் கொட்டிலைச் சேர்ந்தது என்று காட்டப் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகளும் எண்களும் அடுத்து மறைகின்றன. பிடி ஆடுகிறதென்று நெருப்பில் காட்டி இறுக்குவாரும் உண்டு. நம் நாட்டு வாள்களின் பிடியை அரக்குக் கலவை கொண்டே பொருத்தினர். சூடு மிகுந்தால் அரக்கு உருகி ஓடுவதோடு எஃகின் பதமும் கெடும். இத்தனையும் கடந்து எஞ்சும் பளபளப்பான இரும்புத் துண்டுக்கு ஊரும் இல்லை, காலமும் இல்லை.

திருப்பெரும்புதூர்-ஒரகடம் தொழில்வழிச் சாலையில் இன்று ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் காணப்படுகின்றன. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. கொமாட்சு அருகிலேயே இயங்குகிறது; வல்லம் வடகாலில் யமஹா. 5எஸ் என்றும் கைசன் என்றும் ஜப்பானியர் கற்பித்த ஒழுங்குமுறைகளைத் தமிழ் இளைஞர்கள் திறம்படக் கற்றுத் தேர்ந்தனர். அதே மக்கள் தம் பழைய எஃகை எவ்வாறு போற்றுகிறார்கள் என்பதை மட்டும் நாம் கேட்டறியவில்லை.

சாமுராய் வாளின் அடிப்பகுதி பிடிக்குள் மறைந்திருக்கும். அங்கே படிந்த கருந்துருவை ஜப்பானில் அறிவுடைய எவரும் துடைப்பதில்லை. வாளின் அகவையை உரைக்கும் முதற்சான்று அந்தத் துருவின் நிறமும் செறிவும்தான். அரம் போட்ட கோடுகளின் சாய்வு கொல்லர் மரபைக் காட்டும். துளைகளின் எண்ணிக்கை, வாள் எத்தனை முறை பிடி மாறியது, எங்கே வெட்டிக் குறுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். அறியாமல் துருவைச் சுரண்டியவர் வாளின் விலையையும் வரலாற்றையும் ஒருங்கே இழப்பார். பொறித்த கையொப்பத்தைத் தேர்ந்த மதிப்பீட்டாளர் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் போலியாகப் பொறிப்பது அங்கே நெடுங்காலமாக நடந்துவரும் தீவினை. ஆகவே வாளின் வளைவு, மடித்து அடித்ததால் உண்டான எஃகின் இழையோட்டம், களிமண் பூசித் தோய்த்ததால் அலகோரத்தில் எழுந்த வெண்கோலம் ஆகிய மூன்றையும் கண்டு, காலமும் மரபும் இன்னவை என்று உறுதிசெய்த பின்னரே கையொப்பத்தைப் பார்ப்பார்கள். ஹொனாமி என்னும் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இம்மதிப்பீட்டை நடத்தியது. ஆட்சித் தலைவர் தோகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி 1719-இல் நாட்டின் புகழ்பெற்ற வாள்களுக்கு அக்குடும்பத்தார் ஓர் அட்டவணை வகுத்தனர்.

தீட்டுதல் அங்கே கொல்லரின் வேலையன்று. அதற்கெனத் தனிக்கலைஞர் உண்டு. முரட்டுக் கல்லில் தொடங்கி, விரல்நுனியில் ஒட்டி வைக்கும் மெல்லிய கற்சில்லு வரை படிப்படியாகச் செல்வது அப்பணி. ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு குறைகிறது என்பதை அவர்கள் மறப்பதேயில்லை. மேல்தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்னிரும்பு தெரியத் தொடங்கிவிட்டால் அந்த வாளை மீட்க வழியில்லை. எனவே தீட்ட வேண்டுமா என்பதே முதற்கேள்வி. வேண்டாம் என்பதே பெரும்பாலும் விடை. வீட்டில் செய்யத்தக்கது பழைய எண்ணெயை மென்மையாக ஒற்றியெடுத்துப் புதிய எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவது மட்டுமே. கவசங்களுக்கும் இந்நெறிதான். இரும்பும் பதப்படுத்தாத தோலுமாகிய சிறுதகடுகளுக்கு அரக்குப் பூசிப் பட்டுக் கயிற்றால் கோத்த அக்கவசங்களில் முதலில் இற்றுப்போவது பட்டு. புதிய கயிறு மாட்டினால் கவசம் எழுந்து நிற்கும். ஆனால் பழைய கயிற்றின் நிறமும் முடிச்சும் போய்விட்டால் அதை அணிந்த குடியின் அடையாளமும் போயிற்று. ஆகவே தாங்கும் இடங்களில் பழையதை அப்படியே நிறுத்தி, தாங்காத இடத்தில் மட்டும் புதியதைச் சேர்ப்பது முறை.

ஜப்பானியர் இயல்பாகவே இப்படிப்பட்டவர் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. அவர்களும் இழந்தார்கள். 1876-இல் மெய்ஜி அரசு பொதுவிடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்தபோது கொல்லர்களின் வாழ்வு சரிந்தது. குலச்சொத்தான வாள்கள் வந்த விலைக்குப் போயின. இரண்டே ஆண்டுகளில், 1878-இல், லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியர் கைகளிலிருந்த படைக்கலங்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. தெற்கே பாளையக்காரரின் படைக்கலங்களை 1801-க்குப் பிறகே கும்பினியார் பறித்துவிட்டனர். ஒருவகையில் இரு நாடுகளின் வாள்களும் ஒரே தலைமுறையில் ஊமையாயின.

1945-இல் ஜப்பான் தோற்றபின் வந்த அடி இன்னும் கொடியது. வெற்றி பெற்ற படைகள் வாள்களைக் குவியல் குவியலாகப் பறிமுதல் செய்தன. பல உருக்கப்பட்டன, பல கடலில் எறியப்பட்டன, பல வெற்றிச் சின்னங்களாக அமெரிக்கா சென்றன. தோகுகாவா குடும்பம் போற்றிக் காத்த ஹொன்ஜோ மசமுனே என்னும் வாள் அப்போது ஒப்படைக்கப்பட்டது. இன்றுவரை அது கிடைக்கவில்லை. அந்நிலையில் ஹொன்மா ஜுஞ்சி போன்ற அறிஞர்கள் ஆக்கிரமிப்புப் படையின் அலுவலர்களிடம் சென்று, படைக்கலம் வேறு, கலைச்செல்வம் வேறு என்று வாதாடினர். தோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்தவற்றிலிருந்து சில ஆயிரம் வாள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1948-இல் வாள் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் அமைந்தது. தரம் பிரித்துச் சான்றிதழ் வழங்கும் பணியை இன்றும் அது செய்துவருகிறது. அச்சங்கமே 1977-இல் ஷிமானே மாநிலத்தில் பழைய முறையில் மணலிரும்பை உருக்கும் உலையை மீட்டெடுத்தது. மூன்று பகலும் மூன்று இரவும் அணையாமல் எரியும் அவ்வுலை தரும் எஃகே இன்றைய வாட்கொல்லர்களுக்கு மூலப்பொருள்.

அந்த அறிஞர்களைப் போல வாதாட ஒருவர் 1860-களில் தஞ்சையில் இருந்தாரா? தஞ்சையின் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண்வாரிசின்றி மறைந்தார். அரசை ஆங்கிலேயர் தமதாக்கினர். அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் மராட்டியர் காலத்தனவும், அவர்களுக்கு முந்திய நாயக்கர் காலத்தனவும், விசயநகரப் பட்டறைகளின் கைவண்ணமும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. ஐரோப்பிய வாளலகைத் தறித்து நம்மவர் செதுக்கிய பிடியில் பொருத்திய கட்டாரிகளும் அவற்றுள் இருந்தன. உலகக் கடல்வணிகத்தின் வரலாறே அக்கட்டாரிகளில் அடங்கியிருந்தது. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அலுவலர் சென்னை அருங்காட்சியகத்துக்கெனச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார். எஞ்சிய பெருங்குவியல் உடைத்து நொறுக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. நடந்ததை அவரே 1878-இல் ஓர் ஆய்விதழில் எழுதி வைத்தார். அவர் பிரித்தெடுத்த சிறுபகுதிதான் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தின் பெருமை. அதன் முழு மதிப்பை உலகறிய ஒரு நூல் வெளிவருவதற்கு 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. அதையும் எழுதியவர் இராபர்ட் எல்குட் என்னும் ஆங்கிலேயர். தமிழில் அதற்கிணையான ஒரு நூல் வேண்டுமென்பது நம் நெடுநாள் வேட்கை.

அயலார் உடைத்ததை எண்ணிச் சினப்பது எளிது. விடுதலை பெற்ற நாட்டில், நம் கண்முன் நம் வாள்கள் பழைய இரும்புக் கடைக்குச் செல்வதற்கு யார் பொறுப்பு? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த வாள் தொல்பொருளே. அதை வெளிநாட்டுக்குக் கடத்துவது குற்றமே. ஆனால் பதிவு கட்டாயம் என்று நடுவணரசு அறிவித்த பட்டியலில் சிலைகளும் ஓவியங்களும் ஓவியம் தீட்டிய சுவடிகளும் உள்ளன; வாளும் கவசமும் இல்லை. பதிவில்லாத பொருள் காணாமற்போனால் அது இருந்ததற்கே சான்றில்லை. மறுபுறம், வாள் என்றாலே ஆயுதச் சட்டம் நினைவுக்கு வருகிறது. பாட்டனாரின் வாளை வெளியே காட்டினால் காவல் நிலையம் செல்ல நேருமோ என்று அஞ்சும் குடும்பம் அதை மறைக்கிறது, அல்லது இரவோடு இரவாக விற்றுத் தீர்க்கிறது. ஜப்பானில் ஒரு வீட்டில் பழைய வாள் கிடைத்தால் காவல் துறைக்குத் தெரிவித்த பின்னர் மாநிலக் கல்விக் குழுவின் வல்லுநர்கள் அதை ஆராய்ந்து பதிவுச் சான்று தருகிறார்கள். பதிவு வாளோடு ஒட்டியது. உரிமையாளர் மாறினாலும் சான்று தொடர்கிறது. அச்சம் நீங்கியதால் மக்கள் முன்வருகிறார்கள். நமக்கு உடனடித் தேவை இத்தகையதோர் ஏற்பாடே.

2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசெல்கிறது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பு வாள்களும் வேல்களும் நூறாண்டுக்கு மேலாக அருங்காட்சியகத்தில் உள்ளன. கொடுமணலின் உலைகளும் மேல்சிறுவளூரின் உடைந்த மூசைகளும் தமிழரின் எஃகுத் திறனுக்குச் சான்று. அத்தகைய எஃகை மைக்கேல் பாரடே தம் ஆய்வுக்கூடத்தில் வைத்து வியந்ததும் உண்மை. இத்தொன்மையைக் கொண்டாடும் நாம், முந்நூறாண்டுப் பழமையுள்ள வாளை உப்புத்தாளிடம் ஒப்படைப்பது பொருந்தாது.

மண்ணிலிருந்து எடுத்த இரும்புக்கும் வீட்டில் காத்த இரும்புக்கும் மருத்துவம் வேறு. அகழ்ந்தெடுத்த வாளின் உலோகம் பெரும்பாலும் துருவாகவே மாறியிருக்கும். அதன் வடிவமே அத்துருவினுள்தான் நிற்கிறது. சுரண்டினால் வாளே இல்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்து உள்வடிவம் அறிந்து, உட்புகுந்த உப்பைக் காரக்கரைசலில் நெடுநாள் ஊறவைத்து வெளியேற்றி, ஈரமில்லாப் பெட்டியில் காக்க வேண்டும். சென்னைக் கடற்காற்றில் இதைத் தவறவிட்டால் சில பருவங்களிலேயே பொருள் செதில் செதிலாக உதிரும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் 1930-இல் தொடங்கியது. வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அங்கே செப்புத் திருமேனிகளின் பச்சை நோயைத் தீர்க்க வழிகண்டார். திருமேனிகளுக்குக் கிட்டிய அந்த அறிவும் அக்கறையும் இரும்புக்கும் கிட்ட வேண்டும்.

ஒரகடத்துக்கு இதில் ஒரு கடமை உண்டு. இந்த ஆலைகளின் அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திக் கற்கருவிகளை வெளிக்கொணர்ந்தது. தொழில் வளர்ந்த மண்ணுக்கடியில் தொன்மை உறங்குகிறது என்பதை அவ்வாய்வு நினைவூட்டியது. ஊர்தி உதிரிபாகங்களைச் சோதிக்கும் ஊடுகதிர்க் கருவியும் நிறமாலைமானியும் உலோக நுண்ணோக்கியும் இங்கே நாள்தோறும் இயங்குகின்றன. ஒரு பற்சக்கரத்தின் எஃகைச் சிதைக்காமல் ஆராயத் தெரிந்த பொறியாளருக்கு ஒரு வாளின் எஃகை ஆராயவும் கைவரும். வரலாற்றறிஞர் ஒருவர் உடனிருந்தால் போதும். நிறுமச் சட்டம் 2013, வரையறைக்குட்பட்ட நிறுமங்கள் தம் ஆதாயத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் நாட்டின் கலைச்செல்வங்களைக் காத்தலும் இடம்பெற்றுள்ளது. பள்ளிக்கு மேசையும் குளத்துக்குக் கரையும் அமைத்துத் தரும் நிறுமங்கள் இதற்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். ஜப்பானிய நிறுமங்கள் தம் நாட்டிலிருந்து ஒரு தீட்டுக் கலைஞரையும் ஒரு கவசச் சீரமைப்பாளரையும் அழைத்துவந்து எழும்பூர் ஆய்வுக்கூடத்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்தால், நன்றியுள்ள நட்புக்கு அதனினும் சிறந்த அடையாளம் இல்லை.

தமிழக அரசு முதலில் செய்ய வேண்டியது, அரண்மனைகள், திருக்கோயில்கள், தனியார் இல்லங்கள் ஆகிய எல்லா இடங்களிலும் உள்ள பழைய படைக்கலங்களைப் படத்தோடும் அளவோடும் பதிவு செய்யும் பணியைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைப்பது. தாமாக முன்வந்து காட்டுவோர்மீது ஆயுதச் சட்டம் பாயாது என்ற உறுதியை உள்துறை எழுத்தில் தர வேண்டும். அந்த உறுதி இல்லாவிடில் எந்த வீட்டுப் பரணும் திறக்காது. தேய்க்காமலும் எலுமிச்சை குத்தாமலும் பூசை நடத்தும் முறையை அறநிலையத் துறை திருக்கோயில்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பலாம். தொல்பொருள் பதிவுப் பட்டியலில் வாளையும் கவசத்தையும் சேர்க்கும் அதிகாரம் நடுவண் பண்பாட்டு அமைச்சகத்திடம் உள்ளது. சட்டத்தைத் திருத்தத் தேவையில்லை. ஓர் அறிவிக்கை போதும். அதைக் கோரும் கடிதம் சென்னைக் கோட்டையிலிருந்து இந்த ஆண்டே புறப்பட வேண்டும்.