உறைபனியும் எருமைகளும்

வட வியட்நாமின் சாப்பா மலைநகரைப் பற்றிய குளிர்காலப் பயணக்கட்டுரைகளை வாசிக்கும்தோறும் நமக்குக் கோபமே எழுகிறது. பனி விழுந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். 2016 ஜனவரியில் அங்கே பனி கொட்டியபோது சமவெளியிலிருந்து கூட்டம்கூட்டமாக வேடிக்கை பார்க்க ஏறினார்கள். அதே நாட்களில் அந்த மலைகளில் எருமைகள் விறைத்துச் செத்துக்கொண்டிருந்தன. 2008 தொடக்கத்தில் வாரக்கணக்கில் நீடித்த குளிரில் வடமாகாணங்களில் மடிந்த கால்நடைகள் பல்லாயிரம். மோங் குடும்பத்துக்கு எருமைதான் ஏர், எருமைதான் சேமிப்பு. ஆண்டுக்கு ஒரே போகம் விளையும் படிவயலை அது இல்லாமல் எதைக்கொண்டு உழுவது?

இதெல்லாம் நம் பயண எழுத்தாளர்களின் கண்ணில் படுவதில்லை. 'மேகங்களின் மடியில்' என்று தொடங்கிவிடுகிறார்கள். (2016 பெப்ரவரியில் ஃபன்சிபன் சிகரத்துக்குக் கம்பிவட ஊர்தி வந்தபின் மேகத்தின் மடியை எட்டக் கால்மணி நேரம் போதும்.)

சுற்றுலா அவர்களுக்கும் சோறு போடுகிறதே என்பார்கள். போடுகிறது, மறுக்கவில்லை. பயணம் போகாதீர்கள் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் வழிகாட்டியாக முன்னே நடக்கும் மோங் பெண்ணின் அவுரிச்சாயம் ஏறிய விரல்களை வர்ணிக்க ஒரு முழுப்பத்தி செலவிடுகிறவர்கள், அவள் வீட்டு எருமை இந்தக் குளிரைத் தாண்டியதா என்று ஒரு வரி கேட்டு எழுதியிருக்கலாம்.