தொப்பியை ஏற்றோம், கோரிக்கையை மறந்தோம்

"அராபியருக்குச் சனநாயகம் எதற்கு? மன்னர் கொடுக்கின்றார், மக்கள் உண்கின்றனர். அங்கே கூச்சலும் இல்லை, குழப்பமும் இல்லை." வளைகுடாப் பணம் எட்டிப் பாராத தெரு புத்தளத்தில் அரிது. ஆதலால் இக்கூற்றைச் செவியுறாது அங்கு வளர்ந்தவரும் அரியர். சனநாயகம் என்பதே மேற்குலகின் சரக்கு என்று இதற்குத் தத்துவ முலாம் பூசுவோரும் உளர். இவ்வாறு பேசுவோரே, அராபியருடன் நமக்குள்ள பழந்தொடர்புக்குச் சான்றாக, 1344இல் நமது கரையில் இறங்கிய இப்னு பதூதாவையும், பிற்காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்த ஒறாபி பாஷாவையும் பெருமையுடன் எடுத்துரைப்பர். பதூதா பயணியாக வந்தார். ஒறாபி எதன் பொருட்டு வந்தார்? இவ்வினாவை எழுப்பிய மாத்திரத்தே அவர்களது வாதம் சரியத் தொடங்கிவிடுகின்றது.

1881 செப்டம்பர் 9ஆம் நாள், கெய்றோ நகரின் அப்தீன் மாளிகை முன்றலில், கெதீவ் தௌபீக்கின் எதிரே, கேணல் அகமது ஒறாபி தம் படையினருடன் நின்றார். அமைச்சரவை விலக வேண்டும், மக்கட் பிரதிநிதிகளின் சபை கூட்டப்பட வேண்டும் என்பன அவருடைய கோரிக்கைகளுட் சில. கெதீவ் பணிந்தார். சபை கூடியது. 1882 பெப்ரவரியில் ஓர் அடிப்படைச் சட்டமும் பிறந்தது. நாட்டின் வரவுசெலவை ஆராயும் உரிமையை அச்சபை கேட்டது. எகிப்தியரின் வரிப்பணத்திலிருந்து தம் கடனை அறவிட்டுக் கொண்டிருந்த பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இவ்வுரிமை கசந்தது. அவ்வாண்டு யூலை 11ஆம் நாள் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன. செப்டம்பர் 13ஆம் நாள் தெல் அல் கபீரில் ஒறாபியின் படை தோற்றது. மரணதண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட, 1883 சனவரியில் அவரும் தோழர் அறுவரும் இலங்கை வந்து சேர்ந்தனர். அவ்வறுவருள் ஒருவரே பிரதமராகவிருந்த கவிஞர் மஹ்மூத் சாமி அல் பாரூதி.

சனநாயகம் மேற்குலகின் சரக்காயின், அதனைக் கேட்டவர் எகிப்தியராகவும், அதனைக் குண்டு வீசி அழித்தவர் ஆங்கிலேயராகவும் இருந்தது எங்ஙனம்? அராபியருக்கு அது ஒவ்வாது என்போர் தம்மையறியாமலே அக்கப்பல்களின் வாதத்தையே ஒப்புவிக்கின்றனர். வளைகுடாவின் அமைதியை மெச்சுவோர் 2011இல் பஹ்ரைனின் முத்துச் சதுக்கத்தில் திரண்ட மக்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூட்டம் கலைக்கப்பட்டபின் அச்சதுக்கத்தின் நினைவுத்தூணும் இடித்தகற்றப்பட்டது. குரல்வளை நெரிக்கப்பட்ட இடத்திலும் அமைதி நிலவும்.

ஒறாபி இந்நாட்டில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1901இல் நாடு திரும்பினார். நாம் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டவை எவை? சித்திலெவ்வையுடன் அவர் கொண்ட நட்பின் பயனாகக் கல்வி விழிப்புப் பெற்றோம். 1892இல் சாஹிராக் கல்லூரி எழுந்தது. துருக்கித் தொப்பியையும் பெற்றோம். அத்தொப்பியுடன் நீதிமன்றில் தோன்றும் உரிமைக்காக 1905இல் பெரும் கிளர்ச்சியே நடத்தினோம். எகிப்தைக் களமாகக் கொண்டு 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலும் 1885இல் நமக்குக் கிடைத்தது. இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆனால் எந்தக் கோரிக்கைக்காக அம்மனிதர் நாடிழந்தாரோ, அது நமது மேடைகளில் ஒலிப்பதில்லை.

"2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்டு முபாரக்கை வீழ்த்தினார்களே, கண்ட பயன் யாது?" என்று கேட்பர். நேர்மையான வினா, நேர்மையாகவே விடையிறுப்போம். தேர்தலில் வென்ற முர்சியை 2013 யூலை 3ஆம் நாள் படைத்தலைமை அகற்றி, அரசியலமைப்பையும் இடைநிறுத்தியது. மக்களுள் ஒரு பெரும் பகுதியினர் அதற்குக் கைதட்டவும் செய்தனர். ஒறாபியும் படைவீரரே என்பதை மறைப்பதற்கில்லை. அவர் கேட்டது சபை; 2013இல் வந்தவர்கள் சபையாட்சியையே முடக்கினர். வேறுபாடு பெரிது. எனினும், துப்பாக்கியின் துணைகொண்டு பெற்ற உரிமை அத்துப்பாக்கியின் தயவிலேயே வாழும் என்ற பலவீனம் 1881இலும் இருந்தது. பிறர் பெற்றுத் தரும் உரிமையைப் பிறரே பறிக்கவும் விற்கவும் கூடும்.

இது எகிப்துக்கு மட்டும் உரிய பாடமன்று. நெடுங்காலத்துக்குப் பின்னர் 2020இல் புத்தளம் மாவட்ட முஸ்லிம்கள் ஒரே சின்னத்தின்கீழ் வாக்களித்துத் தம்மவர் ஒருவரைப் பாராளுமன்றம் அனுப்பினர். அவ்வாண்டு ஒக்டோபரில், நம்மவர் சடலங்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, சனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்த 20ஆவது திருத்தத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். வாக்கைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியமையே நமது குற்றம். மாறாக, கொழும்பின் குப்பையை அறுவைக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து 2018இல் அதே புத்தளத்தில் முஸ்லிமும் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வீதியில் அமர்ந்தனர். திட்டத்தை முற்றாக நிறுத்த அவர்களால் இயலவில்லை. ஆயினும் அங்கு எவரும் தம் குரலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை.

ஒறாபியின் பெயரை இனியும் நாம் உச்சரிப்பதாயின், தொப்பியை நினைந்து அன்று. அப்தீன் முன்றலில் எழுந்த அக்கோரிக்கையை நினைந்தே உச்சரித்தல் வேண்டும். அதனை இங்கே, நமது ஊரில், நாமே எழுப்பவும் வேண்டும்.