நம்பிக்கை எலியும் நாலு வரி ஃபார்வர்டும்

இந்தக் கதையை நீங்களும் வாசிச்சிருப்பீங்க. தண்ணீர்த் தொட்டியில ஒரு எலியைப் போட்டாங்களாம். 15 நிமிஷத்துல களைச்சுப் போய் மூழ்கப் பார்த்துச்சாம். விஞ்ஞானி அதைத் தூக்கித் துடைச்சு, கொஞ்சம் ஓய்வு குடுத்து, மறுபடியும் தண்ணியில விட்டாராம். இந்தத் தடவை 60 மணி நேரம் நீந்திச்சாம்! "யாராவது காப்பாத்துவாங்கங்கிற நம்பிக்கைதான் காரணம். நீங்களும் நம்பிக்கையை விடாதீங்க"ன்னு ஒரு ரோஜாப்பூ படத்தோட முடியும்.

எனக்கு இந்தக் கதை மேல கோபம். முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிடலாம். இது பாதி உண்மை. அதுவும் யாருக்கு அனுப்புறாங்கன்னு பாருங்க... மனசு சோர்ந்து, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாம கிடக்கிறவங்களுக்கு!

சரி, உண்மையில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கர்ட் ரிக்டர் 1957ல் வெளியிட்ட ஆய்வு அது. உயரமான கண்ணாடி ஜாடிகளில் தண்ணீர். எலி சும்மா மிதந்துடக் கூடாதுன்னு மேலேயிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கிட்டே இருப்பாங்க. மீசை மயிரை வெட்டிய 12 வளர்ப்பு எலிகளில் 3 சில நிமிஷங்களில் இறந்தன. மீதி 9ம் 40 முதல் 60 மணி நேரம் நீந்தின. அப்புறம் புதுசாப் பிடிச்ச 34 காட்டு எலிகள். மூர்க்கமானவை, நல்லா நீந்தக் கூடியவை. அத்தனையும் 15 நிமிஷத்துக்குள் செத்துப் போச்சு. இதயத் துடிப்பு வேகமாகி இல்லை, மெதுவாகி மெதுவாகி நின்னு!

அடுத்து ரிக்டர் செஞ்சதுதான் முக்கியம். காட்டு எலியைக் கையில் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சிருந்து விடுவார். தண்ணியில சில நிமிஷம் போட்டு எடுப்பார். இப்படிப் பல தடவை. அதுக்கப்புறம் அதே வகை எலிகள் வளர்ப்பு எலிகள் அளவுக்கு நீந்தின.

இப்போ சொல்லுங்க, இங்கே மாறினது எது? எலி தன்னம்பிக்கைப் புத்தகம் படிக்கலை. 'என்னால் முடியும்'னு பத்து தடவை சொல்லிக்கலை. பிடிச்ச கை விட்டுச்சு. மறுபடி பிடிச்சது, மறுபடி விட்டுச்சு. 'இதிலிருந்து வெளியே வர வழி இருக்கு'ங்கிறதை எலிக்கு அனுபவமா காட்டினாங்க. ஃபார்வர்டு இந்தக் கையை மறைச்சுட்டு, மொத்தப் பொறுப்பையும் எலி தலையில கட்டிடுது.

ரிக்டர் மட்டும் இல்லை. 1967ல் செலிக்மன், மையர் ரெண்டு பேரும் பென்சில்வேனியாவில் நாய்களை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க (வாசிக்கவே கஷ்டமா இருக்கும்). ரெண்டு நாய்க்கும் ஒரே அளவு மின் அதிர்ச்சி. ஒண்ணு தலையால ஒரு பலகையை அழுத்தினா அதிர்ச்சி நிற்கும். இன்னொண்ணு என்ன செஞ்சாலும் நிற்காது. பிறகு ரெண்டையும், ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினாலே தப்பிச்சுடலாம்ங்கிற கூண்டில் விட்டாங்க. முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை அப்படியே படுத்துக்கிட்டு அதிர்ச்சியை வாங்கிக்கிச்சு. பட்ட வலி ஒண்ணுதான். வித்தியாசம், அதை நிறுத்துற வழி தன்கிட்ட இருந்ததா இல்லையாங்கிறதுல.

1968ல் அந்த நாய்களை மீட்கப் பார்த்தாங்க. தடுப்பை எடுத்துட்டு அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுறது பொதுவா வேலைக்கு ஆகலை. கழுத்தில் கயிறு கட்டி, பாதுகாப்பான பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துட்டுப் போனாங்க. பல தடவைக்குப் பிறகு நாய்கள் தானா நடக்க ஆரம்பிச்சது. தூர நின்னு 'வா வா'ன்னு கூப்பிடுறதுதான் நம்ம ஃபார்வர்டு. கூடவே நடக்கிறது வேற வேலை.

இதே ரெண்டு பேரும் 2016ல் தங்கள் கொள்கையையே திருப்பிப் போட்டாங்க. முடங்கிப் போறதை விலங்கு 'கத்துக்கிறது' இல்லையாம். நீண்ட துன்பத்துக்கு மூளையோட இயல்பான பதிலே அதுதானாம். 'என் கையில் கட்டுப்பாடு இருக்கு'ங்கிறதைத்தான் மூளையின் முன்பகுதி கத்துக்கிட்டு, அந்த முடக்கத்தைத் தடுக்குதாம். அப்படின்னா முடங்கிக் கிடக்கிறவரைப் பார்த்து 'சோம்பேறி'ன்னு சொல்ல யாருக்கு உரிமை இருக்கு?

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கல். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மன அழுத்தம்னு எழுதுறோம், டிப்ரஷனுக்கும் மன அழுத்தம்னு எழுதுறோம். பத்திரிகைகளும் அப்படித்தான். ஸ்ட்ரெஸ் ஒரு நோய் இல்லை. ஆபத்து வந்தா உடம்பு தயாராகிறது. அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலை விடும், வேலை முடிஞ்சதும் அடங்கும். அது அடங்காம வாரக்கணக்கா ஓடினாத்தான் தொல்லை. டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு, ஒரு நோய். நீண்ட கால ஸ்ட்ரெஸ் அங்கே போய்ச் சேர்ற பாதைகளில் ஒண்ணு.

அந்தப் பாதையில் மூளைக்கு என்ன ஆகுதுன்னு பெங்களூரிலேயே பார்த்திருக்காங்க. அங்குள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழு, எலிகளைத் தினம் 2 மணி நேரம் அசைய விடாம வெச்சு 10 நாள் கழிச்சுப் பார்த்தது (2002). நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன. பயத்துக்கான அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன! 2004ல் அடுத்த முடிவு: 21 நாள் நிம்மதியா விட்ட பிறகும் அமிக்டலாவின் வளர்ச்சி குறையலை, பதட்டமும் போகலை. 'ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்'னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

உடனே 'எலிக்கு ஆனதெல்லாம் நமக்கும் ஆகும்'னு நான் சொல்றதா நினைக்காதீங்க. எலிக்குக் குற்ற உணர்ச்சி இருக்கான்னு கேட்க முடியாது. 1977ல் போர்சோல்ட் கொண்டு வந்த நீச்சல் சோதனையையே எடுத்துக்குங்க. எலி நீந்துறதை நிறுத்திட்டு மிதந்தா 'விரக்தி'ன்னு கணக்கு. மருந்து குடுத்து அதிக நேரம் நீந்தினா மருந்து வேலை செய்யுது! ஆனா தப்பிக்க வழியில்லாத இடத்தில் சும்மா மிதந்து தெம்பை மிச்சம் பிடிக்கிறது புத்திசாலித்தனம்னு பல ஆய்வாளர்களே சொல்றாங்க. மனுஷங்களுக்கு மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகும். இந்தச் சோதனையில் ஒரே நாளில் பலன் தெரிஞ்சுடுது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2024ல் இதைச் சட்டம் போட்டே தடை செஞ்சது. என்னைக் கேட்டா நல்ல முடிவு. 'எலியின் டிப்ரஷன் குணமானது'ன்னு செய்தி வந்தா, எதை அளந்தாங்கன்னு ஒரு தடவை பாருங்க.

என் கட்சி இவ்வளவுதான். அந்த எலிகளும் நாய்களும் உயிரைக் குடுத்துச் சொன்ன விஷயம், முடங்கிக் கிடக்கிற உயிருக்கு வெளியேயிருந்து ஒரு கை வேணும்ங்கிறது. தெரிஞ்சவர் யாராவது அப்படி இருந்தா, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை நீங்க வாங்குங்க. கூடப் போங்க. கரண்ட் பில் கட்டுறது மாதிரி ஒரு சின்ன வேலையை அவர் தலையிலிருந்து இறக்கி வைங்க. ஒரு தடவை போதாது, பல தடவை செய்யணும். இந்தியாவில் இருந்தா டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. யாராவது எழுதிக் குடுத்த மாத்திரையை இந்தப் பதிவைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க சாமி!