விருந்தாளி என்றால் வாயை மூடிக்கொண்டுதான் சாப்பிட வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ரயிலில் போகும்போதோ ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகோ நிதானமாகப் படியுங்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

மூன்று வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் தலைதான் உருளுகிறது. "டீச்சர் ரிடையர் ஆகியும் சாக்பீஸைக் கீழே வைக்கல." "சோறு போட்ட வீட்டைக் குறை சொல்லலாமா?" "அவங்க வீட்டுக் கிச்சன்ல பல்லியே இல்லையாமா?" எல்லாவற்றையும் படித்தேன். அங்கே பதில் போடவில்லை. போட்டால் அந்த வீட்டுப் பெண்ணை நாலு பேர் நடுவில் நிறுத்தியது போல ஆகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். எந்த வீடு, என்ன உறவு என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் யாராவது கமெண்டில் பெயர் போட்டால் அடுத்த நிமிஷம் நீக்கிவிடுவேன்.

வைகாசியில் ஒரு விசேஷத்துக்காக வேப்பம்பட்டிலிருந்து கிளம்பி ஐந்து நாள் ஓர் உறவினர் வீட்டில் தங்கினோம். அன்புக்குக் குறைவில்லை. போன அன்றே அடுப்படிக்குள் நுழைந்தவுடன் எனக்கு மனசுக்குள் மணி அடித்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு கறுத்து, பிழிந்தால் வாடை. சட்டி இறக்கும் கரித்துணியாலேயே தட்டும் துடைக்கப்பட்டது. குடிக்கிற தண்ணீர்க் குடத்துக்குள் போகிறவர் வருகிறவர் எல்லாம் விரல் நனைய டம்ளரை விட்டு மொண்டார்கள். முதல் நாள் மதியம் வைத்த சாம்பார் குண்டானோடு மேடையிலேயே இருந்தது. ராத்திரி ஒரு கொதி, மறுநாள் காலை ஒரு கொதி, அதிலேயே கொஞ்சம் புதுசும் சேர்ந்தது. கோழி வெட்டிய பலகையை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு அதன்மேல் வெள்ளரிக்காய் நறுக்கினார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியாதை!

மூன்றாம் நாள் ராத்திரி என் வீட்டுக்காரருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். வயது 71, இருபது வருஷ சர்க்கரை. விடிவதற்குள் எழுந்து நிற்க முடியவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறியது. கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் சிறுநீரகத்துக்குச் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த நிலைமையிலும் இந்த மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க கிட்ட எதுவும் சொல்லிடாதே, வருத்தப்படுவாங்க" என்கிறார்.

என்னைத் தூங்கவிடாதது வேறு விஷயம். 34 வருஷம் வகுப்பில் நின்றவள் நான். திங்கட்கிழமை தோறும் நகம் பார்த்தவள். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் கையை நீட்டி அடிக்கோலில் தட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் அந்த சாம்பாரை என் கையாலேயே அவர் தட்டில் ஊற்றினேன். தெரிந்தேதான் ஊற்றினேன். அந்த வீட்டில் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று வாயை மூடிக்கொண்டு இருந்தது நான் ஒருத்திதான்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணுக்குத் தனியாகப் போன் செய்து பக்குவமாகச் சொன்னேன். அவள் கோபிக்கவே இல்லை. "பெரிம்மா, முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபம் வந்ததெல்லாம் அந்த அடுப்படியில் ஒரு டம்ளர்கூடக் கழுவாத ஆண்களுக்கும், அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்காத மற்ற உறவுகளுக்கும்தான். இனிமேல் எழுதுவது அவர்களுக்கு.

"நாங்க தினமும் இதைத்தான் சாப்பிடறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" இதுதான் அடிக்கடி வருகிற வாதம். நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரம்மா இருந்தார். நன்றாகச் சமைப்பார். உடம்புக்கு ஒரு நோவும் கிடையாது. ஆனால் அவர் வேலை பார்த்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு வந்தது. 1907-ல் பரிசோதித்தபோது அவர் உடம்பிலேயே டைபாய்டு கிருமி குடியிருந்தது தெரிந்தது. அவருக்கு அது ஒன்றும் செய்யவில்லை, சாப்பிட்டவர்களைப் படுக்கவைத்தது. "நான் ஆரோக்கியமா இருக்கேன், என்னைப் போய் சொல்றீங்களே" என்பதுதான் அவருடைய கட்சியும். மூன்று வருஷம் தனித்தீவில் வைத்து, இனிச் சமைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில் விட்டார்கள். அவரோ வேறு பெயரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமையலுக்குச் சேர்ந்தார். 1915-ல் அங்கே 25 பேருக்கு டைபாய்டு வந்து இரண்டு பேர் இறந்தார்கள். அந்தம்மாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு ஏழைத் தொழிலாளியை சாகும்வரை அடைத்து வைத்ததும் எனக்கு நியாயமாகப் படவில்லை. சமைக்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சாப்பாடு நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. அவ்வளவுதான் சொல்ல வந்தது. வீட்டு ஆட்களுக்குப் பழகியது, வந்த கிழவருக்கும் கைக்குழந்தைக்கும் மாசமாக இருக்கிற பெண்ணுக்கும் பழகியிருக்காது.

"நல்லாக் கொதிக்க வெச்சுட்டோம், கிருமியெல்லாம் செத்துடும்." பாதி சரி. கிருமி சாகும். ஆனால் வெளியே வைத்த சாப்பாட்டில் சில கிருமிகள் பெருகும்போது விஷத்தையும் கக்கி வைக்கும். கையில் உள்ள வெட்டுக்காயம், மூக்குச்சளி வழியாக வருகிற ஸ்டெபிலோகாக்கஸ் விடுகிற விஷம் கொதித்தாலும் அழியாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று. அதன் வித்து உலைக்கொதியையே தாங்கும். வடித்த சோறு குக்கரிலேயே நாள் முழுக்கக் கிடந்தால் முளைத்துப் பெருகும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு எளிமையானது: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதே. நம் ஊர் வைகாசியில் அடுப்பு மேடையே 35 டிகிரிக்கு மேல். உடனே "அப்போ பழைய சோறு?" என்று கேட்பீர்கள். நல்ல தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, புளித்து, காலையில் குடிக்கிற பழையது வேறு. நானும் தினம் குடிக்கிறேன். உலர்ந்த சோறும் தேங்காய் அரைத்த குழம்பும் இரண்டு நாள் கிடப்பது வேறு.

"எல்லாத்தையும் அனுசரிச்சுப் போகணும்." இது ரொம்ப வருஷமாகப் பெண்களுக்கே சொல்லப்பட்ட பாடம். நம் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூர் விடுதியில் தங்கி, சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிற வேலை பார்த்த பெண்களுக்குக் கெட்டுப்போன சாப்பாட்டால் வயிற்றுப்போக்கு. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன்பிறகு அந்தப் பிள்ளைகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விடுதிக்குப் போய்ப் பார்த்தபோது எலி, கழிவுநீர் தேக்கம். சமையலறையை மூடினார்கள். ஆலையே ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. வெளியூரிலிருந்து வந்து, பக்கத்துப் பாய்க்காரியின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத இருபது வயசுப் பிள்ளைகள் அவ்வளவு பெரிய கம்பெனியை எதிர்த்து ரோட்டுக்கு வந்தார்கள். பேத்தி காலத்துப் பெண்களுக்கு இருந்த துணிச்சல், சொந்தக்காரர் வீட்டில் ஒரு பழைய சாம்பாரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இல்லை.

இன்னொன்று. குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார்: "எங்க வீடு ஆசாரமான வீடு, குளிக்காம அடுப்பங்கரைக்குள்ள நுழைய மாட்டோம்." ஐயா, ஆசாரம் வேறு, சுத்தம் வேறு. யாரை உள்ளே விடுவது, யாருக்குத் தனி டம்ளர் என்று கணக்குப் பார்ப்பதற்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த ஓர் அம்மாவை, அவர் பிறந்த சாதிக்காகச் சமைக்கக் கூடாது என்று தகராறு செய்தார்கள். அவர் கையைக் கழுவினாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கத் தகுந்த ஒரே கேள்வி அதுதான். என் சர்வீஸில் நான் பார்த்த சத்துணவுக் கூடங்களில் பல, ஆசாரம் பேசுகிற பல வீட்டு அடுப்படிகளைவிடப் பளிச்சென்று இருந்தன. நான் சுத்தம் பற்றி எழுதுவதை எடுத்துக்கொண்டு போய் யாராவது அந்தப் பழைய பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் நான் பொறுக்க மாட்டேன்.

சரி, அந்த அடுப்படி ஏன் அப்படி இருந்தது? அந்தப் பெண்ணுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்ட். விடியற்காலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ். அதற்குள் ஆறு பேருக்கு இட்லி, மதியச் சமையல். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். வீட்டில் திடகாத்திரமான ஆண்கள் மூன்று பேர். ஒருவர் நாளெல்லாம் டிவி முன்னால், ஒருவர் போனில், ஒருவர் டீக்கடையில். அவள் வேலையிலிருந்து வந்து பார்க்கும்போது சிங்க்கில் இவர்கள் மூவரின் தட்டும் காய்ந்து ஒட்டியிருக்கும். நான் அவளைக் குறை சொன்னதாக அந்த மூன்று பேரும் எனக்கு எதிராகக் கிளம்பியிருக்கிறார்கள். தம்பிகளே, நான் குறை சொன்னது உங்களை.

அந்த வீட்டு நீல டிரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொழிற்பேட்டைப் பக்கம் பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கித் தண்ணீர் பிடித்து வைப்பது நம் பகுதியில் சாதாரணம். அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. 2013 ஜூலையில் பீகார் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. அன்றைக்குப் பள்ளியில் நானும் மற்ற டீச்சர்களும் சத்துணவுக் கூடத்து எண்ணெய் டின்னை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனோம். உணவுக்கென்று செய்யாத டிரம்மில் குடிதண்ணீர் வேண்டாம். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலும் வேண்டாம்.

என் வீடு மட்டும் ஒழுங்கா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. இரண்டு வருஷம் முன்னால் என் பழைய மாணவி, இப்போது நர்ஸ், பார்க்க வந்திருந்தாள். மிக்ஸி ஜார் மூடியின் வாஷரைக் கழற்றிக் காட்டி, "டீச்சர், இது என்ன?" என்றாள். கறுப்பாகப் பூஞ்சை. என் மிக்ஸி, என் சட்னி. இரண்டு நாள் அவள்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் குக்கர் காஸ்கெட்டையும் கழற்றிப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். இப்போது வாரத்துக்கு ஒரு நாள் இரண்டையும் கழற்றி வெந்நீரில் போடுகிறேன். அவள் சொல்லாமல் போயிருந்தால் இன்றைக்கும் அந்தச் சட்னியைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருப்பேன்.

இப்போது எங்கே தங்கப் போனாலும் பழத்தோடு நாலு புது பஞ்சும் நாலு வெள்ளைத் துணியும், குடத்தில் மொள்ளப் பிடி வைத்த சொம்பு ஒன்றும் வாங்கிப் போகிறேன். சீர் மாதிரி கொடுத்தால் யாரும் தப்பாக எடுப்பதில்லை. போனவுடன் புடவையைச் சொருகிக்கொண்டு சிங்க்கில் நின்றுவிடுகிறேன். பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அந்த அடுப்படியில் பேச உரிமை தானாக வருகிறது. எங்கள் இருவருக்கும் குடிக்கத் தண்ணீரை ராத்திரியே கொதிக்கவைத்து எடுத்துவைக்கிறேன். சூடாக இறக்கியது மட்டும் எங்கள் தட்டுக்கு வரும். பச்சைக் காய், வெட்டி வைத்த பழம், பழைய குழம்பு வேண்டாம். "டாக்டர் சொல்லியிருக்கார்" என்று பொய் சொல்லலாமே என்று என் மகன் சொல்கிறான். ஒரு வேளைக்குச் சரி, ஐந்து நாளைக்கு டாக்டரை எத்தனை தடவை கூப்பிடுவது? "இவருக்கு ஒத்துக்காதும்மா, போன தடவை பட்டோம்" என்று உண்மையையே சொல்லிவிடுகிறேன். கைப்பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இருக்கும். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. குடித்தும் நிற்காமல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நாங்கள் அந்த ராத்திரி ஓமத் தண்ணீரும் மாதுளைத் தோலும் என்று நாலு மணி நேரம் வீணாக்கினோம்.

ஆவணியில் அதே வீட்டில் குழந்தைக்குக் காது குத்து. அந்தப் பெண் நேற்று போன் செய்து, "பெரிம்மா, பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு நீங்க முன்னாடியே வந்துடணும், டிரம்மைத் தூக்கிப் போட்டாச்சு" என்றாள். போகிறோம். தம்பிகள் மூன்று பேருக்கும் ஒரு தகவல்: பஞ்சு இந்தத் தடவை ஏழாக வாங்கியிருக்கிறேன். மூன்று உங்களுக்கு.